விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சர்வதேச விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு இல்லாததால்தானே வீரர்கள் மிதக்கிறார்கள்?

பதில்: இல்லை. பள்ளியிலேயே திருத்தியிருக்க வேண்டிய எண்ணம் இது. நன்றாகப் படித்தவர்கள்கூட அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிலையம் பறப்பது தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியாகப் போனால் தூரம் இதைவிட அதிகம். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். அதனால் அந்த உயரத்திலும் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 89 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் எடை பார்த்தால் 60 கிலோ ஆளுக்குச் சுமார் 53 கிலோ காட்டும். அவர் அங்கே மிதக்க மாட்டார், நிற்பார்.

நிலையத்தில் இருப்பவர் ஏன் மிதக்கிறார்? அவரும் நிலையமும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான். ஒவ்வொரு வினாடியும் நிலையம் பூமியை நோக்கி 4.3 மீட்டர் விழுகிறது. அதே வினாடியில் பக்கவாட்டில் 7.7 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அந்தத் தூரத்துக்குள் பூமியின் வளைவும் அதே அளவு கீழே இறங்கிவிடுகிறது. விழுகிறது, ஆனால் உயரம் குறைவதில்லை. நாம் எடை என்று உணர்வது, கீழே இழுக்கப்படும் நம்மைத் தரை எதிர்த்துத் தாங்குவதைத்தான். தரையும் கூடவே விழும்போது தாங்க எதுவும் இல்லை.

கேள்வி: அப்படியானால் அங்கே 300 கிலோ பெட்டியை ஒரு விரலால் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ளலாம், ஆனால் மெதுவாகத்தான் நகரும். நகர ஆரம்பித்த பிறகு அதை நிறுத்துவதும் அதே அளவு கஷ்டம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கை மாட்டினால் நசுங்கும். தாங்கவேண்டிய எடை போய்விட்டது, நிறை, அதாவது பெட்டியில் உள்ள பொருளின் அளவு, போகவில்லை. வீரர்களின் உடல்நிறையை அளப்பதும் இந்த அடிப்படையில்தான்: ஸ்பிரிங் பொருத்திய கருவியில் ஆளை ஆடவிட்டு, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும்.

கேள்வி: பூமியிலேயே இடத்துக்கு இடம் எடை மாறுமா?

பதில்: மாறும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கிறது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. இவற்றால் நிலநடுக்கோட்டைவிடத் துருவங்களில் எடை சுமார் அரை சதவீதம் அதிகம். தங்கத்தை வைத்துப் பார்த்தால் புரியும். சென்னையில் சரிபார்த்த டிஜிட்டல் தராசில் 10 சவரன், அதாவது 80 கிராம், சரியாகக் காட்டுகிறது. அதே தராசை மறுபடி சரிபார்க்காமல் லண்டனுக்குக் கொண்டுபோய் அதே நகையை வைத்தால் 80.24 கிராம் வரை காட்டும். நகை துளிகூடக் கூடவில்லை. இரண்டு தட்டு வைத்த பழைய தராசுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. படிக்கல்லும் நகையும் ஒரே அளவில் மாறுவதால் நிலாவில்கூட அது சரியாகவே காட்டும்.

கேள்வி: கனமான செயற்கைக்கோள் வேகமாகச் சுற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே உயரத்தில் 5 டன் கோளுக்கும் 5 கிலோ கோளுக்கும் ஒரே வேகம்தான். 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். காற்று இல்லாததால் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. அதே விதிதான் இங்கும். கனம் கூடினால் மேலே கொண்டுபோகும் ராக்கெட்டுக்குத்தான் பாடு.

கேள்வி: விழுந்துகொண்டே சுற்றினால், சில செயற்கைக்கோள்கள் மட்டும் ஏன் உண்மையிலேயே தரைக்கு வந்துவிடுகின்றன?

பதில்: காற்றால். 400 கிலோமீட்டர் உயரத்திலும் மிக மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது. அதன் உராய்வில் கோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். வியப்பு என்னவென்றால், இறங்க இறங்க அதன் வேகம் கூடும். உராய்வு ஆற்றலைப் பறித்தாலும், உயரத்தை இழப்பதால் கிடைக்கும் ஆற்றல் அதைவிட அதிகம். சூரியனின் கொந்தளிப்பு கூடும் காலங்களில் மேல்வளிமண்டலம் சூடேறி விரிவதால் உராய்வும் கூடுகிறது. அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக, 1979 ஜூலையில், கீழே வந்ததற்கு இது முக்கியக் காரணம். அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தன. இன்றைய விண்வெளி நிலையம் அப்படி வந்துவிடாமல் இருக்க, அவ்வப்போது எஞ்சினை இயக்கி அதை மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: சென்னைக்கு நேர் மேலேயே அசையாமல் நிற்கும் செயற்கைக்கோளை ஏவ முடியாதா?

பதில்: முடியாது. ஈர்ப்பு பூமியின் மையத்தை நோக்கி இழுப்பதால், சுற்றுப்பாதையின் தளமும் மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதன் தலைக்கு மேலே வரும் கோள் அரைச் சுற்றில் 13 டிகிரி தெற்குக்குப் போய்விடும். நிலநடுக்கோட்டுக்கு மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மட்டுமே ஒரு கோள் நம் கண்ணுக்கு அசையாமல் நிற்கும். தமிழ்நாட்டு மொட்டைமாடிகளில் டிடிஎச் டிஷ்கள் தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.