மாத்திரை போட்டும் ராத்திரி நெஞ்சு எரிகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 42. ஜவுளிக்கடையில் வேலை. வீடு திரும்ப இரவு பத்தரை ஆகும், சாப்பிட்டதும் படுத்துவிடுவேன். நடுராத்திரியில் புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்து, இருமலோடு எழுந்துவிடுகிறேன். ஆறு மாதமாக இரவு சாப்பிட்டபின், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறேன். காரத்தையும் நிறுத்திவிட்டேன். முழுசாகக் கேட்கவில்லை.

பதில்: காரம் கிடக்கட்டும், சாப்பிட்டதும் படுப்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை உண்டு. வயிறு நிறைந்திருக்கும்போது அது அடிக்கடி தளரும். உட்கார்ந்திருந்தால் மேலே வந்த அமிலம் தானாகக் கீழே இறங்கிவிடும். படுத்தால் அங்கேயே தேங்கும். தூக்கத்தில் எச்சில் விழுங்குவதும் குறைவதால், அமிலம் வெகுநேரம் அரித்துக்கொண்டே இருக்கும்.

கடைக்கே டிபன் பாக்ஸ் எடுத்துப் போய் ஏழரை மணிக்குள் சாப்பிட முடியுமா? முதலாளியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். வீடு வந்தபின் பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். பரோட்டா மாதிரி எண்ணெய்ப் பண்டங்கள் வயிற்றில் நெடுநேரம் தங்கும், இரவில் வேண்டாம். காரம் எல்லோருக்கும் எதிரி இல்லை. உங்களுக்கு ஒத்துக்கொண்டால் அளவாகச் சாப்பிடலாம்.

மாத்திரையையும் நேரம் தப்பிப் போடுகிறீர்கள். சாப்பிடும்போதுதான் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் முழுவேகத்தில் இயங்கும். அவற்றை அடக்கும் இந்த மருந்து அதற்குள் ரத்தத்தில் கலந்திருக்க வேண்டும். அதனால் உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். இரண்டு தலையணை வைத்தால் கழுத்து மட்டும்தான் உயரும், வயிறு மடங்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமையும். நாளெல்லாம் நிற்கும் வேலை என்பதால் கேட்கிறேன்: கால்வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை போடுகிறீர்களா? அவை உணவுக்குழாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

ஆறு மாதம் மருந்துக்கடை மாத்திரையிலேயே ஓட்டியது போதும். குடல், இரைப்பை நிபுணரைப் பாருங்கள். தேவையென்றால் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி செய்வார். விழுங்கும்போது அடைத்தாலோ எடை குறைந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம். ரத்த வாந்தி எடுத்தாலோ மலம் தார்போல் கறுத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று. மாடி ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, வியர்வையோடு வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, அதைக் கேஸ் என்று நினைத்து ஜெலுசில் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள், நள்ளிரவானாலும் சரி.