ஃபார்மேட் செய்தும் திரும்பி வரும் ஷார்ட்கட் வைரஸ்

பென்டிரைவை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் ஷார்ட்கட் வைரஸ் திரும்பி வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பென்டிரைவை இனி ஃபார்மேட் செய்யாதீர்கள், வீண் வேலை. வைரஸ் இருப்பது உங்கள் கடைக் கம்ப்யூட்டரில்தான். அதனால்தான் புது பென்டிரைவைச் செருகினாலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறுகின்றன.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை என்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் சித்தூரிலிருந்தும் வருகிற பென்டிரைவெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே ஏறி இறங்கும்? அப்படி ஒன்றில் ஷார்ட்கட்டை யாரோ கிளிக் செய்திருப்பார்கள். அதிலிருந்த ஸ்கிரிப்ட் (தானே ஓடும் சின்ன நிரல்) கம்ப்யூட்டருக்குள் போயிருக்கும்.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள். 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்றோ, நீங்கள் போடாத பெயரோ இருந்தால் டிசேபிள் செய்யுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் ஆப்ஷன்ஸில், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்து ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும். திறந்திருக்கும் வேலையை முதலில் சேமித்துவிடுங்கள். இது முடியும்வரை எந்தப் பென்டிரைவையும் செருக வேண்டாம்.

வாடிக்கையாளரின் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் தெரியும். ஷார்ட்கட்டை மட்டும் தொடாதீர்கள்.

ஒன்று: ஃபைல் பெயரின் வால் (.docx, .jpg போன்றது) மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தால் அது ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ். அதற்கு இந்த வழி உதவாது, உடனே நெட் கேபிளைப் பிடுங்குங்கள்.