திரையிசை ரசிகர்களே, இப்போது எந்தப் படத்தின் பின்னணி இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசையமைத்த ‘சைனாடவுன்’, 1974. இந்த வாரம் முழுக்க அதுதான்.

நான்கு பியானோ, நான்கு ஹார்ப், இரண்டு தாளக் கலைஞர்கள், தந்தி வாத்தியங்கள், இவற்றுக்கு மேலே ஒரே ஒரு டிரம்பெட். வாசித்தவர் யுவான் ரேசி. வேறொருவர் எழுதிய இசை வேண்டாம் என்று முடிவான பிறகு கோல்ட்ஸ்மித்தை அழைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது பத்து நாள். படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் இசை அரை மணி நேரம்கூட வராது. வரும் இடத்தில் எல்லாம் பியானோவின் உள்தந்திகளைச் சுண்டுகிற ஒலியும் ஹார்ப்பின் ஒலியும் ஒன்றோடொன்று கலந்து, எது எதென்று பிரிக்க முடியாதபடி நிற்கும். போன் ஸ்பீக்கரில் அது கேட்காது. சாதாரண ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் இப்படிக் கேட்டால் வருகிற பதில்களில் பெரும்பாலும் படத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். அது பகிர்வதாகாது. எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்று சொன்னால்தான் அடுத்தவர் அதே இசையைத் தேடிப் பிடிக்க முடியும். ‘இசையைக் கேட்டால் போதாதா, பதிப்பு ஆராய்ச்சி எதற்கு’ என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். போதாது. ஒரே படத்தின் பெயரில் வெளிவந்த இரண்டு ஆல்பங்களில் வெவ்வேறு இசை இருக்கும். அதுவும் அடிக்கடி.

நீங்கள் ரீல்ஸிலோ ரிங்டோனிலோ ஒரு தீம் இசையைக் கேட்டுவிட்டு, முழு இசையையும் கேட்க ஆசைப்பட்டு வந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம்மூரில் ரீ-ரெக்கார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர்., என்றால் படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பது. ஹாலிவுட்டில் அதே சொல், வசனம், ஓசை, இசை மூன்றையும் கலக்கும் கடைசி மிக்சிங்கைக் குறிக்கும். ஆல்பங்களைப் பற்றிப் பேசும்போது அது மூன்றாவது அர்த்தத்தில் வரும்: படத்தில் வாசித்ததை விட்டுவிட்டு, விற்பனைக்காக இசைக்குழுவை உட்காரவைத்துத் திரும்ப வாசித்துப் பதிவுசெய்வது. ஆங்கிலக் குறிப்புகளைப் படிக்கும் தமிழர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவது சகஜம்.

‘ஜாஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் வந்த இசைத்தட்டு அந்த மூன்றாவது வகை. படத்தின் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்கென்று தனியாகப் பதிவுசெய்தது. கேட்க அருமையாக இருக்கும், ஆனால் தியேட்டரில் ஒலித்தது அது இல்லை. படத்தில் ஒலித்த பதிவு ஆல்பமாக வெளிவர 2000ஆம் ஆண்டு ஆயிற்று. ‘ஸ்டார் வார்ஸ்’ கதை வேறு. 1977இல் வந்த இரட்டை இசைத்தட்டில் இருப்பது படத்துக்கு வாசித்த லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் பதிவுதான், ஆனால் வரிசை படத்தின் வரிசை அல்ல. கச்சேரியில் உருப்படிகளை அடுக்குவது போல வில்லியம்ஸ் அடுக்கியிருக்கிறார். பென் என்ற பாத்திரம் இறக்கும் காட்சியின் இசை முதலில் வரும், அதற்கு வெகுமுன்னால் படத்தில் வரும் மதுக்கடை பாண்டு இசை பிறகு வரும். கதையோடு சேர்த்துக் கேட்க வேண்டுமானால் 1997இல் வந்த இரண்டு சிடி பதிப்பைத் தேடுங்கள், அது படத்தின் வரிசையில் போகும். இசையாகக் கேட்க வேண்டுமானால் 1977 அடுக்குதான் மேல் என்பது என் கருத்து. முழுமையான பதிப்பு எப்போதும் சிறந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இருபது விநாடித் துண்டுகளை வரிசையாகக் கேட்பது காதுக்குச் சோர்வு.

‘ஏலியன்’ (1979) இன்னும் சிக்கல். கோல்ட்ஸ்மித் முதலில் எழுதிய டைட்டில் இசை டிரம்பெட்டோடு மெதுவாக விரியும். அது வேண்டாம் என்றதால் வேறொன்று எழுதினார், படத்தில் வருவது அந்த இரண்டாவது. ஆனால் 1979 ஆல்பத்தில் இருப்பது முதலாவது. அதோடு முடியவில்லை. படத்தின் சில இடங்களில் ஒலிப்பது இதே கோல்ட்ஸ்மித் 1962இல் ‘ஃப்ராய்ட்’ படத்துக்கு எழுதிய இசை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது வருவது ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாவது சிம்பொனி. இதெல்லாம் தெரியாமல் ஆல்பத்தை வாங்கிவிட்டு ‘எனக்குப் பிடித்த பகுதி இதில் இல்லையே’ என்று தேடுபவர்கள் நிறைய. இன்ட்ராடா நிறுவனம் 2007இல் வெளியிட்ட இரட்டை சிடியில் முதலில் எழுதியது, திருத்தி எழுதியது, 1979 ஆல்பம் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஆகவே ‘ஏலியன் கேட்கிறேன்’ என்று எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. ‘ஏலியன், இன்ட்ராடா 2007, முதல் டைட்டில்’ என்று எழுதினால் அடுத்த நிமிடமே நானும் கேட்பேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு இரண்டு காரணங்கள். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலியோடு 20 நிமிடம் அளவுக்குத்தான் அடங்கும், இரண்டு பக்கமும் சேர்த்து 40. அதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று வெட்டித்தான் ஆகவேண்டும். சிடியில் 74 நிமிடம் இடம் கிடைத்த பிறகும் 1990களில் பல ஆல்பங்கள் 30 நிமிடத்தில் நின்றன. படத்துக்காக வாசித்ததை ஆல்பமாக விற்றால், லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர்களின் சங்க ஒப்பந்தப்படி ஒவ்வொருவருக்கும் மறுபயன்பாட்டுத் தொகை தரவேண்டும். நிமிடம் கூடினால் தொகையும் கூடும். வரேஸ் சரபாண்ட் நிறுவனத்தின் அந்தக் கால சிடிகள் குட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம், சோம்பல் அல்ல. கலைஞர்களுக்குப் பணம் போனதை நான் குறை சொல்லவில்லை, போகத்தான் வேண்டும்.

பதிப்பைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. ஸ்ட்ரீமிங் செயலியில் ஆல்பத்தின் கடைசிவரை கீழே இறங்குங்கள். வட்டத்துக்குள் பி என்ற எழுத்தும் ஒரு ஆண்டும் ஒரு நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அந்த ஆண்டும் படம் வந்த ஆண்டும் தள்ளி இருந்தால், பழைய பதிவை விரிவாக்கி வெளியிட்டிருக்கலாம், அல்லது வேறு இசைக்குழு புதிதாக வாசித்ததாக இருக்கலாம். இசைக்குழு நடத்துனர் பெயரைப் பார்த்தால் எது என்று பெரும்பாலும் புரிந்துவிடும். ஆனால் நடத்துனர் பெயரை மட்டும் நம்பினாலும் தவறலாம். ‘வெர்டிகோ’ (1958) இசையை எழுதியவர் பெர்னார்ட் ஹெர்மன், நடத்தியவர் மியூர் மத்தீசன். அமெரிக்காவில் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் நடந்ததால் பதிவு லண்டனிலும் வியன்னாவிலும் நடந்தது. லண்டனில் ஸ்டீரியோ (இடது, வலது தனித்தனி ஒலி), வியன்னாவில் மோனோ (ஒற்றை ஒலி). அசல் பதிவைக் கேட்கும்போது ஒரு டிராக் விரிந்தும் அடுத்தது குறுகியும் ஒலித்தால் உங்கள் ஹெட்போன் கெட்டுப்போகவில்லை.

கேட்பதற்கு முன் செயலியில் மூன்று அமைப்புகளை மாற்றுங்கள். ஷஃபிளை அணையுங்கள். ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி டிராக் அளவில் இருந்தால் ஆல்பம் அளவுக்கு மாற்றுங்கள், அந்தத் தேர்வு இல்லையென்றால் முழுதாக அணைத்துவிடுங்கள். டிராக் அளவில் சமப்படுத்தினால், மெல்லிய புல்லாங்குழல் பகுதியும் முழு இசைக்குழு முழங்கும் பகுதியும் ஒரே சத்தத்தில் வரும். இசையமைப்பாளர் மெதுவாக ஒலிக்க வேண்டும் என்று எழுதியது உங்கள் காதில் உரக்க விழும். ‘இந்த இசையில் பயமே இல்லையே’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த அமைப்புதான் வினை.

ஆல்பமே வெளிவராத படம் என்றால்? சில வட்டுகளில் இசை மட்டும் தனி ஆடியோவாக இருக்கும். 1999இல் வந்த ஏலியன் டிவிடியில் இருந்தது. ட்வைலைட் டைம் நிறுவனத்தின் ப்ளூ-ரே வட்டுகள் பலவற்றிலும் உண்டு. அதுவும் இல்லையென்றால், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய வட்டிலிருந்து உங்கள் காதுக்காக மட்டும் பிரித்தெடுக்கலாம். திருட்டைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று யாரும் தொடங்க வேண்டாம், விற்கவும் ஏற்றவும் நான் சொல்லவில்லை.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 5.1 ஆடியோவைத் திறந்தால் ஆறு டிராக்குகள் வரும். வழக்கமான வரிசை: முன் இடது, முன் வலது, நடு, தாழ்ஒலி, பின் இடது, பின் வலது. வசனம் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். மூன்றாவதை மௌனமாக்கிவிட்டு முதல் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பின் இரண்டையும் சேர்ப்பதானால் 6 டெசிபல் குறைத்துச் சேருங்கள், இல்லையென்றால் எதிரொலி மிகும். மழை, கூட்டம், வண்டிச் சத்தம் எல்லாம் பக்கச் சேனல்களிலும் இருப்பதால் அவை போகாது. தனி வயலினையோ தனிக் குழலையோ மிக்சிங்கில் நடுவில் வைத்திருந்தால் வசனத்தோடு சேர்ந்து அதுவும் போய்விடும். இப்போது குரலைப் பிரிக்கும் ஏஐ மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஹம்மிங்கையும் கோரஸையும் பேச்சுக்குரல் என்று எடுத்துக்கொண்டு அவை அழித்துவிடுவது உண்டு.

ஐரோப்பாவில் விற்ற பால் (PAL) வகை டிவிடி என்றால் இன்னொரு கோளாறு. விநாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை 25 சட்டமாக ஓட்டுவதால் எல்லாம் 4 சதவீதம் வேகமாகும், சுருதியும் அரைச்சுரத்தில் 70 சதவீதம் அளவுக்கு ஏறும். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைத் தேர்ந்து, பெருக்கல் எண்ணாக 0.96 கொடுங்கள். வேகத்தை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடாதீர்கள், சுருதி ஏறியபடியே இருக்கும். சில வட்டுகளில் சுருதியை ஏற்கெனவே சரிசெய்திருப்பார்கள். படத்தில் வரும் ஒரு பாட்டை அதன் சிடியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

இனி நம்மூர் விஷயம். கேள்வியில் இது இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. 1980களின் தமிழ்ப் படங்கள் பெரும்பாலானவற்றின் ஒலி மோனோ. பிற்பாடு டிவிடியின் உறையில் 5.1 என்று போட்டிருந்தாலும் அது ஒற்றை ஒலியை ஆறாகப் பரப்பியதுதான். மேலே சொன்ன நடு டிராக் வித்தை அங்கே பலிக்காது: வசனத்தோடு இசையும் போகும், அல்லது இரண்டும் அப்படியே இருக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்துப் பார்த்தால், அசல் மோனோவாக இருந்தால் வெறும் மௌனம்தான் மிஞ்சும். ஃபிலிமின் ஓரத்தில் பதிந்த அந்த ஒலியில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. டிரெபிளை ஏற்றினால் வயலின் துலங்காது, இரைச்சல்தான் ஏறும்.

ஆக, அந்த இசையை வசனம் இல்லாமல் கேட்க ஒரே வழி ஒலிப்பதிவுக்கூடத்து அசல் நாடாதான். கேசட்டிலும் தட்டிலும் பெரும்பாலும் பாடல்கள்தான் வந்தன. இளையராஜா அந்தப் பத்தாண்டில் எழுதிய பின்னணி இசையில் பெரும்பகுதி ஆல்பமாக வெளிவரவே இல்லை. ஹாலிவுட்டில் ஒரு படத்துக்கு எழுதிக் கழித்துப்போட்ட டைட்டில் இசையைக்கூட ஆண்டு, நாடா, வாசித்தவர் விவரத்தோடு வெளியிடுகிறார்கள். இங்கே ரசிகர்கள் டிவிடியிலிருந்து, வசனம் விழாத இடமாகப் பார்த்துப் பார்த்து வெட்டி எடுத்த 40 விநாடித் துண்டுகள்தான் நம் கையிலிருக்கும் ஆவணம். அந்தத் துண்டுகளையும் இன்னொருவர் எடுத்து ‘8டி’ என்றும் ‘பேஸ் பூஸ்டட்’ என்றும் கெடுத்து, ‘லவ் ஃபீல் பி.ஜி.எம்.’ என்று பெயர் வைத்து ஏற்றுகிறார். படத்தின் பெயர் இல்லை, இசையமைப்பாளர் பெயர் இல்லை. அதைக் கேட்டு உருகுபவருக்கு மூலத்தைத் தேட வழியே இல்லாமல் போகிறது.

அதனால் தமிழ்ப் படத் துண்டைப் பகிரும்போது படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், எந்த வட்டு, அந்த வட்டில் எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது விநாடி என்று எழுதுங்கள். ‘ஹீரோ ரயிலேறும் சீன்’ என்று மட்டும் எழுதினால் எந்த ரயில் என்று தேட முடியாது. ஒலி தேயாமல் சேமிக்கும் எஃப்எல்ஏசி (FLAC) கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3யைத் திறந்து வெட்டி மறுபடி எம்பி3யாக மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலி தேயும். வெட்டும் இடத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு விநாடி கூடுதலாக விட்டுவையுங்கள், வசனம் விழுந்தாலும் பரவாயில்லை. அந்த வசனத்தை வைத்துத்தான் பின்னால் வருபவர் காட்சியைக் கண்டுபிடிப்பார்.

சைனாடவுனுக்கு அடுத்து வெர்டிகோ, வரேஸ் சரபாண்ட் 1996 சிடி. நீங்களும் பதிப்போடு எழுதுங்கள்.