பழைய காரில் தொடுதிரைக் கணினி: கேள்வி பதில்

பழைய வண்டியில் தொடுதிரையோடு ஒரு சின்னக் கணினி பொருத்துவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, எந்தத் திரை வாங்கலாம் என்பதுதான். திரை வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி. முதல் படி மின்சாரம்.

நான் கோவையில் 26 ஆண்டுகளாகக் கார் வயரிங் செய்பவன். என்னுடைய 1997 மாருதி 800-இல் ராஸ்பெரி பை 4 கணினியும் 7 அங்குலத் திரையும் நான்கு ஆண்டுகளாக ஓடுகின்றன. அதற்கு முந்தைய இரண்டு முயற்சிகளில் இரண்டு மெமரி கார்டுகளும் ஒரு பேட்டரியும் போயின.

திருப்பூர், மாருதி 800: அண்ணா, ராஸ்பெரி பை 4 பொருத்தினேன். செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் அணைந்து மறுபடி முதலிலிருந்து வருகிறது. மூன்றே வாரத்தில் மெமரி கார்டும் போய்விட்டது. பை பழுதா?

பை நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. பாட்டுப்பெட்டிக்கு வருகிற வயரிலிருந்து கரண்ட் எடுத்திருப்பீர்கள். சாவியைச் செல்ஃப் நிலைக்குத் திருப்பும்போது பெரும்பாலான வண்டிகளில் அந்த வயர் துண்டிக்கப்பட்டுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முழு பலமும் போகட்டும் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி செல்ஃப் அடிக்கும் நொடியில் 9 வோல்ட் வரை, வயதான பேட்டரியானால் அதற்கும் கீழே இறங்கும். பாட்டுப்பெட்டி இதைத் தாங்கும். கணினி தாங்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டில் இருக்கிற கோப்புகள் சிதையும்.

மூன்று வயர் வேண்டும். ஒன்று பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக, ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸோடு, பைக்கு முன்னால் 12 வோல்ட்டை 5 ஆக்கும் கன்வெர்ட்டருக்கு (அதைப் பற்றிக் கீழே ஈரோட்டுக்காரருக்குச் சொல்கிறேன்). இரண்டாவது எர்த். மூன்றாவது அந்தப் பழைய பாட்டுப்பெட்டி வயர். அதிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். சாவி போட்டிருக்கிறதா இல்லையா என்று பைக்குச் சொல்லும் சைகையாக மட்டும் அது இருக்கட்டும். அந்த 12 வோல்ட்டை நேராகப் பையின் ஜிபிஐஓ ஊசியில் (சைகை வாங்கும் ஊசி) கொடுத்தால் அன்றோடு பை முடிந்தது, அது 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் பிசி817 ஆப்டோகப்ளர் (சைகையை ஒளியாகக் கடத்தி இரு பக்கக் கரண்டையும் பிரித்து வைக்கும் சில்லு) ஒன்றும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போடுங்கள். சைகை 20 நொடி தொடர்ந்து இல்லாவிட்டால் மட்டும் பை தன்னை முறையாக அணைத்துக்கொள்ளும்படி ஒரு சிறு நிரல் போதும். செல்ஃப் அடிப்பது இரண்டு மூன்று நொடிதான், அதை அது பொருட்படுத்தாது. சாவி எடுத்து ஒரு நிமிடம் கழித்து மொத்தக் கரண்டையும் துண்டிக்க ஒரு டைமர் ரிலே வையுங்கள், ஏனென்றால் அணைந்த பையும் கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டீக்கடையில் பார்சல் வாங்க இறங்கி 40 நொடியில் திரும்பி வந்து சாவி போட்டேன். பை அணைந்திருந்தது, ரிலே இன்னும் விடவில்லை, சாவி போட்டதும் டைமர் மறுபடி பிடித்துக்கொண்டது. கரண்ட் இருக்கிறது, பை எழவே இல்லை. அரை மணி நேரம் வயரைத் தடவிக்கொண்டிருந்த பிறகுதான் புரிந்தது. அணைந்த பையை எழுப்ப ஒரு பொத்தானை ஜிபிஐஓ 3 என்ற ஊசிக்கும் (வரிசையில் அது ஐந்தாம் ஊசி) எர்த்துக்கும் நடுவில் போட்டுவிடுங்கள்.

கார்டைக் காப்பாற்ற இன்னொரு வழியும் உண்டு. பையின் அமைப்புகளில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. பாட்டும் வரைபடமும் தனி பென்டிரைவில் இருக்கட்டும்.

ஈரோடு, ஓம்னி: சென்னை ரிச்சி தெருவில் எல்எம்2596 என்ற நீலக் கன்வெர்ட்டர் பலகை வாங்கினேன். 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. திரையின் ஓரத்தில் மின்னல் குறி வந்துகொண்டே இருக்கிறது.

பைக்குப் போகும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த மின்னல் வரும். பை 4 கேட்பதே 5.1 வோல்ட், 3 ஆம்பியர். கூடவே திரை. குருவி தலையில் பனங்காயை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பலகையில் 3 என்பது காகிதக் கணக்கு. விசிறியும் தகடும் இல்லாமல் 2-ஐத் தாண்டினாலே கை வைக்க முடியாது. ஒரு மீட்டர் மெல்லிய யூஎஸ்பி வயரில் போட்டால் வழியிலேயே கால் வோல்ட் போய்விடும். கன்வெர்ட்டரைப் பையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள்.

பெரிய ஆபத்து வேறு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் தளர்ந்து கழன்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒரு கணம் 80, 100 வோல்ட் வரை துப்பும். எல்எம்2596 தாங்குவது 40. ஓம்னியில் டெர்மினல் தளராத வண்டியை நான் பார்த்ததில்லை. வாகனத்துக்கென்றே செய்த, பாதுகாப்பு டையோடு உள்ள, 5 ஆம்பியர் கன்வெர்ட்டர் வாங்குங்கள். 8 வோல்ட்டிலிருந்தே வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்னால் ஃபியூஸ்.

நாமக்கல்: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதாதா?

இரண்டு நாள் ஆசைக்குப் போதும். குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் திருப்பூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திண்டுக்கல், லாரி: 24 வோல்ட் வண்டிக்கு?

36 வோல்ட் வரை தாங்கும் கன்வெர்ட்டர். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுக்கிற பழக்கத்தை விடுங்கள். ஒன்று காயும், மற்றது கொதிக்கும்.

காரைக்குடி, 1966 ஃபியட் 1100 டிலைட்: ஐயா, 10 அங்குலத் திரை வாங்கிவிட்டேன். டேஷ்போர்டு முழுக்கத் தகடு. எந்த பிளேடு போட்டு அறுத்தால் விளிம்பு சுத்தமாக வரும்?

பிளேடு பெயர் தெரியும், சொல்லமாட்டேன். டிலைட் 1964-இல் வந்தது. அதே வண்டிதான் பிறகு பிரசிடென்ட், 1974-இலிருந்து பத்மினி. அந்தத் தகட்டை அறுத்தால் மறுபடி கிடைக்காது. திரைக்கு ஐந்து ஆண்டு ஆயுள், ஓட்டைக்கு ஆயுள் முடிவே இல்லை.

சேலம், பத்மினி: இதைக் கேட்டதும் வயிறு எரிகிறது. அறுபது வயது வண்டியை ரம்பத்தால் அறுப்பவர் வேறு கார் வாங்கிக்கொள்ளட்டும்.

காரைக்குடி: என் வண்டி, என் தகடு. உங்கள் வயிற்றுக்கு நான் பொறுப்பில்லை.

மதுரை: சண்டை வேண்டாம். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 ஆண்டுக்கு. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். டேஷ்போர்டை அறுத்தால் அந்தப் பதிவு கிடைக்குமா?

விதி சொல்வது சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்று. தகடு டேஷ்போர்டு பாடியில் சேர்த்தியா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆய்வுக்கு வருகிறவர் சொல்வார். அவரிடம் வாதாடும் நிலையில் உங்களை நீங்களே ஏன் நிறுத்திக்கொள்கிறீர்கள்? அதோடு, அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் மட்டும் போகிற வண்டிக்கு 10 அங்குலத்தில் வழிகாட்டும் வரைபடம் எதற்கு?

சேலம், பத்மினி: அப்படிக் கேளுங்கள்!

காரைக்குடி: பதிவெல்லாம் நான் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை தேவகோட்டைக்கு ஓட்டுகிறேன். அறுப்பது பாவம் என்றால் முதல் பாவி என் அப்பாதான். 1978-இல் கேசட் பிளேயருக்காக அவரே உளியால் ஓட்டை போட்டார். அந்தப் பிளேயர் செத்து 20 ஆண்டாகிறது. அதுவும் வண்டியின் வரலாறுதானே?

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாம் இவ்வளவு பேசியிருக்க வேண்டாமே! ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. அளந்து பாருங்கள். 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம் என்றால் அது கார் பாட்டுப்பெட்டிகளுக்கு இன்றைக்கும் நடப்பில் இருக்கிற, ஒற்றை டின் என்ற அளவு. உள்ளே இருந்து வெளியே வந்து நிமிரும் 7 அங்குலத் திரைகள் அந்த அளவிலேயே கிடைக்கின்றன. வேண்டாதபோது உள்ளே போய்விடும். 10 அங்குலத் திரையை வீட்டில் மாட்டுங்கள். அப்பா போட்ட ஓட்டையின் விளிம்பை மட்டும் அரம் வைத்துத் தேய்த்து, வயர் உரசாமல் ரப்பர் கொடுங்கள்.

இன்னொன்று: உங்கள் வண்டியில் இன்னும் டைனமோவா, ஆல்டர்னேட்டர் மாற்றியாயிற்றா? டைனமோவானால் வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது சார்ஜே ஏறாது, சிவப்பு விளக்கு எரியும். கணினி அப்போது பேட்டரியைத்தான் தின்னும். பழைய ஆங்கிலேய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1950, 60-களில் வந்த பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த். திரையின் இரும்புக் கூடு பாடியைத் தொட்ட கணமே புகை. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று வயரில் கை வைக்கும் முன் பாருங்கள்.

சேலம், பத்மினி: அப்பா போட்ட ஓட்டை என்றால் மன்னித்துவிடலாம்.

கரூர்: ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று சத்தம். ஆக்சிலேட்டர் மிதித்தால் சுருதி ஏறுகிறது.

ஆல்டர்னேட்டர் பாடுகிறது. பைக்கு ஓர் இடத்தில் எர்த், ஆம்ப்ளிபையருக்கு வேறோர் இடத்தில் எர்த் கொடுத்திருப்பீர்கள். பழைய பாடியில் துருவின் வழியாகப் போகிற எர்த் இரண்டு இடத்தில் ஒரே அளவு இருக்காது. இரண்டையும் ஒரே போல்ட்டில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் கட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஆடியோ வயரில், எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். சத்தம் 'டக் டக்' என்று வந்தால் அது இக்னிஷன். ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் போடுங்கள்.

வேலூர்: கரண்ட் போனாலும் அணையாமல் இருக்க, டேஷ்போர்டுக்குள் ஒரு பவர்பேங்க் வைத்துவிட்டேன்.

இன்றைக்கே எடுங்கள். வேலூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் 70 டிகிரி சாதாரணம். லிதியம் பேட்டரி அங்கே உப்பும், பிறகு எரியும். பழைய டேப்லெட்டைத் திரையாக்குகிறவர்களுக்கும் இதேதான்.

அரியலூர், அம்பாசிடர்: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகலாமா?

மேலே நாமக்கல்.

தஞ்சாவூர், 1995 மாருதி 800: வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் படிக்கும் ஓபிடி கருவி வாங்கி எஞ்சின் சூட்டைத் திரையில் காட்ட ஆசை. சாக்கெட் எங்கே இருக்கும்?

எங்கேயும் இருக்காது. உங்களுடையது கார்ப்புரேட்டர் வண்டி. கேட்டால் பதில் சொல்ல அதில் கம்ப்யூட்டரே கிடையாது. ஆனால் ஆசை நல்ல ஆசை. டிஎஸ்18பி20 என்ற சின்ன வெப்ப உணரி 125 டிகிரி வரை அளக்கும். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் குழாயின் உலோக வாயில் அதை வைத்து, மேலே துணி நாடா சுற்றிக் கட்டி, வயரைப் பைக்கு இழுங்கள். நான் செய்திருக்கிறேன். தண்ணீர்ச் சூட்டைவிட நாலைந்து டிகிரி குறைவாகக் காட்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் போதுமே.

சிவகாசி, புல்லட்: 6 வோல்ட் பழைய புல்லட்டில்...

வேண்டாம்.

கும்பகோணம்: மலிவான ஆண்ட்ராய்டு பெட்டியில் புத்தம்புது பதிப்பு என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

அமைப்புகள் பக்கத்தில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், பலர் எழுதியும் வைக்கிறார்கள். 2 ஜிபிக்குக் குறைவான நினைவகம் உள்ளதைத் தொடாதீர்கள். வரைபடமும் பாட்டும் மட்டும் வேண்டுமென்றால் செல்பேசிக்கு ஒரு நல்ல பிடிப்பான் போதும். நான் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

தூத்துக்குடி: பிள்ளைகள் முன்சீட்டில் படம் பார்க்கலாமா?

ஓட்டுபவர் கண்ணில் படுகிற திரையில் ஓடும்போது படம் கூடாது. கை பிரேக் போட்டால்தான் படம் வரும்படி வயர் கொடுங்கள். அந்த வயரை எர்த்தில் கட்டி ஏமாற்றுவது எப்படி என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான்கு பேருக்கும் பதில் இல்லை.

பொள்ளாச்சி, ஜீப்: சிகரெட் லைட்டர்...

இந்தச் சொல்லோடு தொடங்கும் கேள்விகளை இனிப் படிக்கப்போவதில்லை.

ஊட்டி, அம்பாசிடர்: நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன், ஃபியூஸும் போட்டேன். ஆனால் மலை ஏறும்போது ஃபியூஸ் போய்விடுகிறது. இதுவரை மூன்று. 5-க்குப் பதில் 20 ஆம்பியர் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். 2006-இல் என் பட்டறைக்கு ஓர் அம்பாசிடர் வந்தது. யாரோ ஃபியூஸ் வயரைத் தூக்கிவிட்டு நேராக இணைத்திருந்தார்கள். எஞ்சின் தடுப்புத் தகட்டின் ஓட்டையில் வயர் உரசி, தோல் உரிந்து, வலப்பக்க வயர்க்கட்டு முழுக்கக் கரியாகியிருந்தது. ஓட்டுநர் பாட்டிலிலிருந்த தண்ணீரை ஊற்றி அணைத்திருந்தார். உங்கள் ஃபியூஸ் மூன்று முறை அதே செய்தியைச் சொல்லியிருக்கிறது. மலையில் எஞ்சின் கூடுதலாக ஆடும்போது மட்டும் போகிறதென்றால் வயர் எங்கோ தகட்டைத் தொடுகிறது. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். நீங்கள் இழுத்த வயரைப் பேட்டரியிலிருந்து உள்ளே வரை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். தடுப்புத் தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.