வண்ணத்துப்பூச்சி அந்துப்பூச்சியில் இருந்து வந்ததா? இரண்டிலும் எப்படி இத்தனை வகைகள்?

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சின்னது. அந்துப்பூச்சிதான் மூத்தது, வண்ணத்துப்பூச்சி அந்துப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளேயே பிரிந்த ஒரு கிளை. இதுவரை பெயர் வைத்திருக்கும் சுமார் 1,60,000 வகைகளில் வண்ணத்துப்பூச்சிகள் ஏறக்குறைய 19,000 தான், மற்றதெல்லாம் அந்து. அதனால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பது, சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்துக்காரருக்கும் சிங்கப்பூரருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பது மாதிரி.

பகலில் பறப்பது, உணர்கொம்பின் நுனி தடித்திருப்பது என்று பள்ளியில் படித்த அடையாளங்கள் பெரும்பாலும் சரிதான், ஆனால் மீறல்கள் இரண்டு பக்கமும் உண்டு. 2014 இல் இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் சுவர்களில் எல்லாம் பெரிய பழுப்புப் பூச்சிகள் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறதா, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடும் பின்னால் வாலுமாக? வண்ணத்துப்பூச்சி என்று நினைத்துப் படம் எடுத்தவர்கள் பலர். அது லைஸ்ஸா ஸாம்பா, அந்துப்பூச்சி. எதிர்ப்பக்கம் பார்த்தால், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக்காடுகளில் ஹெடிலிடே என்று ஒரு குடும்பம் இருக்கிறது. மங்கிய நிறம், இரவில் பறக்கும், கொம்பு நுனியும் தடித்திருக்காது. வெகுகாலம் அந்துப்பூச்சிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள், 1986 இல் அது வண்ணத்துப்பூச்சிகளின் உறவு என்று வாதம் எழுந்தது, பிறகு மரபணுவும் அதையே சொன்னது.

சரி, எவ்வளவு பழையவை? பூச்சியியலாளர் அகிட்டோ கவாஹாராவின் குழு 2019 இல் வெளியிட்ட மரபணு ஆய்வுப்படி மொத்தக் கூட்டத்தின் மூதாதை ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. ஜெர்மனியில் துளையிட்டு எடுத்த பழைய படிவில் இவற்றின் இறக்கைச் செதில்கள் கிடைத்திருக்கின்றன, வயது சுமார் 20 கோடி ஆண்டுகள். அதில் சில, உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிக் கூட்டத்தின் செதில் வகை. பூக்களின் உறுதியான புதைபடிவங்களோ சுமார் 13 கோடி ஆண்டுப் பழமைதான். அதாவது தேன் குடிக்க என்று நாம் நினைக்கும் குழல், பூக்கள் பரவுவதற்கு வெகு முன்பே இருந்திருக்கிறது. தண்ணீர்த் துளி, பூக்காத விதைத் தாவரங்கள் கசியவிடும் இனிப்புத் துளி இதையெல்லாம் உறிஞ்சத்தான் அது முதலில் பயன்பட்டிருக்கும் என்று கருதுகிறார்கள்.

இன்னொரு பிரபலமான கதை, வௌவாலுக்குப் பயந்து பகலுக்கு ஓடிவந்த அந்துப்பூச்சிகள்தான் வண்ணத்துப்பூச்சி ஆயின என்பது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. வண்ணத்துப்பூச்சிக் கிளை பிரிந்தது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வௌவாலின் பழைய எலும்புக்கூடுகள் 5 கோடியைச் சற்றே தாண்டுகின்றன. அந்துப்பூச்சிகளுக்குக் காது பல கிளைகளில் தனித்தனியாக முளைத்தது, அதுகூடப் பலவற்றில் வௌவாலுக்கு முந்தியது என்கிறது அதே 2019 ஆய்வு. வௌவால் வந்த பிறகு ஏற்கெனவே இருந்த காது உயிரைக் காப்பாற்றியது. சில வகைகள் பதிலுக்குச் சத்தம் எழுப்பி வௌவாலையே குழப்பக் கற்றுக்கொண்டன.

இப்போது இரண்டாவது பாதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏன் இத்தனை வகை என்று தெரிய வேண்டுமானால் இறக்கையைவிடப் புழுவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் திடமாக நம்புகிறேன். இந்தப் பூச்சிகளின் சாப்பாட்டு வாழ்க்கையில் பெரும்பகுதி புழுவுக்கு உரியது. அட்லஸ் அந்துப்பூச்சி வளர்ந்த பிறகு எதுவும் சாப்பிடுவதே இல்லை, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும்.

தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் புழு தெரியும். அது எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும் (தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், பயப்பட வேண்டாம்). கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டி அதன் ரசாயனத்தைச் சுவைத்துப் பார்த்துத்தான் முட்டை வைக்கும். நமக்கு வாசனையாக இருப்பது பெரும்பாலான பூச்சிகளுக்கு விஷம் அல்லது விலக்கி. அதைச் செரிக்கத் தெரிந்த புழுவுக்கோ போட்டியில்லாத சாப்பாடு. செடி புதிய விஷம் செய்யும், சில புழுக்கள் அதையும் தாண்டும், தாண்டியவை புது இடத்தில் பல வகைகளாகப் பிரியும். 1964 இல் உயிரியலாளர்கள் பால் எர்லிக்கும் பீட்டர் ரேவனும் இதைத்தான் முன்வைத்தார்கள். கடுகுக்குக் காரம் தரும் சேர்மங்களே நல்ல சாட்சி: வெள்ளை வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தில் ஒரு கிளை அந்தக் காரத்தைக் குடலிலேயே திசைதிருப்பும் புரதத்தைப் பெற்றது, அதன் பிறகு அந்தக் கிளை வேகமாகப் பெருகியது. இங்கே புல்வெளியில் தரையோடு தரையாகத் தளர்ந்து பறக்கும் சின்ன வெள்ளைப் பூச்சி, சைக்கி, அந்தக் குடும்பம்தான். அதன் புழு கடுகுக்கு உறவான நாய்வேளை இனச் செடிகளைத் தின்னும்.

2023 இல் கவாஹாரா குழு 2,300 வகைகள் அளவுக்கு மரபணு எடுத்துப் பார்த்தபோது, முதல் வண்ணத்துப்பூச்சிகள் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றின, அவற்றின் புழுக்கள் அவரைக் குடும்பச் செடிகளைத் தின்றிருக்கும் என்று தெரிந்தது. அங்கிருந்து ஆசியாவுக்கு வந்து, அப்போது கடல் நடுவே தனித்தீவாக இருந்த இந்தியா வரைக்கும் போயிருக்கின்றன.

விஷம் தின்பதில் அடுத்த கட்டமும் உண்டு. 2015 இல் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வான ரோஜா அழகியின் புழு ஈசுவரமூலி இனத்துக் கொடிகளைத் தின்று, அந்த நஞ்சை உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது. பறவைகள் ஒதுங்கிவிடும். கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு கிடையாது, ஆனால் அதன் பெண்களில் ஒரு பகுதி அச்சு அசலாக ரோஜா அழகி மாதிரியே இருக்கும். 1854 இல் சிங்கப்பூர் வந்து புக்கிட் தீமா காட்டில் பூச்சி பிடித்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1865 இல் வெளியான கட்டுரையில், பார்க்க வேறு வேறாக இருக்கும் இந்தப் பெண்கள் ஒரே வகைதான், இது பாவனை என்று விளக்கினார். 2014 இல் கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் இந்த வேஷம் முழுவதும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுவின் மாற்று வடிவத்தால் வருகிறது என்று காட்டினார்கள், சாதாரணமாக ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் அதே மரபணு!

சிங்கப்பூரின் ஹார்ட்பார்க் பூங்காவிலோ புலாவ் உபின் தீவிலோ இவற்றைப் பார்த்தால் உடம்பைக் கவனியுங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி, இறக்கை மட்டும் அப்படியே இருந்து உடம்பு கறுப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகியின் பெண்.