வெறும் பஃபரிலேயே அலைநீளம் நகர்வது பற்றி

புரதத்தைக் கண்டறியும் சென்சாருக்காக, தங்கம் பூசிய ஃபைபரில் (ஒளியிழையில்) அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பிணைத்திருக்கிறீர்கள், புரதமே இல்லாத பஃபரை (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசலை) மாற்றி விட்டாலும் ஒத்ததிர்வு அலைநீளம், அதாவது தங்கப் படலம் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம், நகர்கிறது என்கிறீர்கள். சரி, ஆன்டிபாடியை இப்போதைக்குக் குறை சொல்ல வேண்டாம். இந்த சென்சார் புரதத்தைப் பார்ப்பதில்லை, தங்கத்தை ஒட்டிய சில நூறு நானோமீட்டருக்குள் ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) மாறுவதைத்தான் பார்க்கிறது; அதை எது மாற்றினாலும் சிக்னல் வரும். தண்ணீர் 1 டிகிரி சூடானால் அந்த எண் ஏறத்தாழ 0.0001 குறையும், உப்பு 1 சதவீதம் கூடினால் சுமார் 0.0017 ஏறும். உங்கள் ஃபைபரின் உணர்திறன், ஒளிவிலகல் எண்ணில் ஓர் அலகு மாற்றத்துக்கு 2000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த உப்பு மட்டுமே 3 நானோமீட்டருக்கு மேல் இழுத்துவிடும். புரதத்தின் சின்ன நகர்வு அதில் எங்கே தெரியும்?

முதலில், மாதிரியைக் கரைக்கவும் கழுவவும் ஒரே பாட்டில் பஃபரை எடுங்கள். மாதிரிக்கு அப்புறம் அதே பஃபரை மறுபடி விட்டுப் பாருங்கள்: சிக்னல் முழுசாகப் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் எதுவும் ஒட்டவில்லை. திரும்பாமல் நின்றாலும் உடனே நம்பாதீர்கள், ஆன்டிபாடி இல்லாமல் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் சாதாரணப் புரதம்) மட்டும் பூசிய இன்னொரு ஃபைபரைப் பக்கத்திலேயே வைத்து அதன் நகர்வைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான பிணைப்பு. நிற்காமல் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் தங்கப் படலம் உரிகிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். அடியில் மெல்லிய குரோமியமோ டைட்டானியமோ இல்லாவிட்டால் தங்கம் கண்ணாடியை அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளாது.