ஆயில் கசிகிறது, ஆனால் எங்கிருந்து? பழைய கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆயில் லீக் பற்றியவை. வண்டிகள் வேறு வேறு என்றாலும் எல்லோருக்கும் முதலில் நான் சொல்வது ஒன்றுதான். எதையும் கழற்றுவதற்கு முன், கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

என்னிடம் 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல் இருக்கிறது. போர்ட்டிகோ டைல்ஸில் தினமும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பின்பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நானே ஏதாவது செய்ய முடியுமா? (திருச்சி)

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே கசிந்த ஆயில் எஞ்சின் உடம்பில் வழிகிறது, ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது, கடைசியில் எங்கே ஒரு விளிம்பு கிடைக்கிறதோ அங்கிருந்து சொட்டுகிறது. உங்கள் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கியர்பாக்ஸ் பக்கம். அதில் ஓ-ரிங் என்ற ஒரு ரப்பர் வளையம் உண்டு. இத்தனை வருஷ எஞ்சின் சூட்டில் அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருக்கும். அது வழியே கசியும் ஆயில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கே இறங்கும். அடியில் படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அது பின் சீல் கசிவு போலவே தெரியும்.

என் 800-லும் இதேதான் நடந்தது. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு. அப்புறம்தான் மேலிருந்து துடைத்துக்கொண்டே வந்து பார்த்தேன். கையளவு கூட இல்லாத ஒரு ரப்பர் வளையம்! அன்றிலிருந்து யார் வண்டியாக இருந்தாலும் நான் மேலேயிருந்துதான் தேடுகிறேன்.

எஞ்சின் நன்றாக ஆறியதும் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் மூன்றையும் பிளாஸ்டிக் கவரால் கட்டிவிட்டு, டிகிரீசரும் பழைய பிரஷ்ஷும் கொண்டு எஞ்சினைக் கழுவுங்கள். முழுசாகக் காயட்டும். பிறகு டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடிப்பக்கம், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் என எல்லா இணைப்புகளிலும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்து கறுத்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்பையும் விட்டுவிடாதீர்கள், அதன் பேக்கிங்கும் கசியும்.

டிஸ்ட்ரிபியூட்டர்தான் என்றால் வேலை சின்னது. போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் அதன் உடம்புக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, வண்டியைக் கியரில் தள்ளவும் கூடாது. புது ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி, அதே கோட்டுக்கு நேராகப் பொருத்துங்கள். பிறகு ஒரு நாள் பட்டறையில் டைமிங்கை மட்டும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

மேலே எல்லாம் உலர்ந்திருந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி. அந்த வேலை வீட்டில் வேண்டாம். இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை அதே கூலி கொடுக்க வேண்டியிருக்காது.

2005 சான்ட்ரோ. டேப்பட் கவர் பேக்கிங்கை நானே இரண்டு முறை மாற்றிவிட்டேன். ஒரு மாதத்தில் மறுபடியும் ஈரம். பேக்கிங் டூப்ளிகேட்டா? (கோயம்புத்தூர்)

இருக்கலாம். ஆனால் இரண்டு பேக்கிங்கும் தோற்றிருக்கிறது என்றால் நான் முதலில் பிசிவி வால்வைச் சந்தேகிப்பேன். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பக்கம் இறங்கும். அதை உறிஞ்சித் திரும்ப இன்டேக்குக்கு அனுப்புவதுதான் இந்த வால்வின் வேலை. அது கரி பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஆயில் எந்த ரப்பர் பலவீனமோ அந்த வழியாக வெளியே வரும். பேக்கிங்கை மாற்றினால் அடுத்த சீல் கசியும்.

எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு மெல்லிய பேப்பரை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. பேப்பரைத் தூக்கித் தள்ளினால் வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் மாற்றுங்கள், அந்தக் குழாயையும் சேர்த்து. வால்வு நன்றாக இருந்தும் பேப்பர் பறந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, போல்ட்டைக் கை வலிக்கும் வரை இறுக்கினீர்களா? பலரும் செய்வது அதுதான். கசிகிறதே என்று இறுக்க இறுக்க ரப்பர் பிதுங்கும், கவர் வளையும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லா போல்ட்டையும் சமமாக இறுக்குங்கள். ரப்பர் பேக்கிங் முழுக்க அனபாண்ட் மாதிரி சிலிக்கான் பேஸ்ட்டை அப்பவும் வேண்டாம். மூலைகளில் ஒரு பொட்டு போதும். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால், போவது பேக்கிங் இல்லை, எஞ்சின்.

அப்பா வைத்திருந்த அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். ராத்திரிக்கு நாலைந்து சொட்டு. முழுதாக நிறுத்த ஆசை. (காரைக்குடி)

உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் இந்த எஞ்சினில் அதைச் சத்தியம் செய்து கொடுக்க என்னால் முடியாது. இது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சினிலிருந்து வந்தது. கிராங்கின் பின்பக்கம் இன்றைய கார்களில் இருப்பது போன்ற ரப்பர் சீல் இதில் இல்லை. ஸ்க்ரூ மரை மாதிரி ஒரு வெட்டு இருக்கும். கிராங்க் சுழலும்போது அந்த மரை ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆள் இல்லை. அதனால் ஓடிவந்து நின்றதும் சில சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம்.

கையில் இருப்பதைச் செய்யுங்கள். ராக்கர் கவரின் கார்க் பேக்கிங், பக்கவாட்டு மூடிகளின் பேக்கிங், சம்ப் பேக்கிங் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். முன்பக்கம் தூக்கலாக நிற்கும் சரிவில் நிறுத்தாதீர்கள். 20டபிள்யூ-50 ஆயில் இதற்குப் பொருந்தும். கீழே ஒரு தட்டில் மரத்தூள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு ஒழுக்காக மாறினால் மட்டும் கவலைப்படலாம். அப்பாவின் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவே எனக்குச் சந்தோஷம்.

நானே ஆயில் மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டரிலிருந்து ஆயில் கொட்டியது. (சேலம்)

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலேயே புதுசை மாட்டியிருப்பீர்கள். கழற்றித் தடவிப் பாருங்கள். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரும் ஒவ்வொரு தடவையும் புதுசு. அந்த போல்ட்டை மூர்க்கமாக இறுக்கினால், அலுமினிய சம்ப்பாக இருந்தால் மரை போய்விடும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கடையில் லீக் நிறுத்தும் திரவம் விற்கிறார்கள். ஆயிலோடு ஊற்றலாமா? (மதுரை)

அது இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து உப்பச் செய்யும். மெல்லிய கசிவு சில காலம் குறையலாம். கிழிந்த சீலுக்கும் உடைந்த பேக்கிங்குக்கும் அது ஒன்றும் செய்யாது. இடத்தைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

ஜென் வண்டி. டைமிங் பெல்ட் கவரின் அடியில் ஆயில் ஈரம். சொட்டவில்லை. விட்டுவிடலாமா? (நாகர்கோவில்)

விடாதீர்கள். இந்த இதழில் வந்த கசிவுகளிலேயே குறைவானது இதுதான், எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். கிராங்க், வால்வுகளைத் திறக்கும் கேம் என்ற இரண்டு தண்டுகளையும் இணைப்பது இந்த பெல்ட். கேம் சீலோ முன்பக்க கிராங்க் சீலோ கசிந்து அதை நனைக்கிறது. ஆயில் பட்ட பெல்ட் ஊறி, பல் உதிர்ந்து, சொல்லாமல் அறுந்துபோகும். வண்டி நெடுஞ்சாலையில் அப்படியே நிற்கும். சில எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் மோதி ஹெட்டே சேதமாகும். இரண்டு சீல், பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். முன்அனுபவம் இல்லை என்றால் இதை நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வண்டிக்கு அடியில் போக ஹாலோ பிளாக் கல் வைத்துத் தூக்கலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. ஹாலோ பிளாக் பாரத்தில் விரிசல் காட்டாமல் நொறுங்கும். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. சமதளம், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கைப்பிரேக், காரின் புத்தகத்தில் காட்டிய இடங்களில் இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட். இவ்வளவும் வைத்த பிறகு வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தையும் கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்புக்கு அடியில் படுக்கவையுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் அடியில் போங்கள். ஸ்டாண்ட் வாங்கப் பணம் இல்லாத மாதத்தில் மேல்பக்க வேலைகளை மட்டும் செய்யுங்கள்.

சக்கரத்தின் உள்பக்கம் வழவழப்பாக, தண்ணீர் போல ஏதோ வழிந்திருக்கிறது. ஆயிலா? (வேலூர்)

பிரேக் ஆயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். போனட்டைத் திறந்து பிரேக் டப்பாவின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

எடுத்த பழைய ஆயிலைக் கரையான் வராமல் இருக்க மரக்கதவுக்கு அடிக்கலாமா? (விழுப்புரம்)

ஊரில் பலரும் செய்கிறார்கள், ஆனால் வேண்டாம். ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த கசடும் இருக்கும். தோலுக்குக் கெடுதல், குழந்தைகள் கை படும் இடம் வேறு. சாக்கடையிலும் தோட்டத்திலும் ஊற்றாதீர்கள். நம் நாட்டு விதிகளில் இது அபாயகரமான கழிவு. காலி ஆயில் கேனிலேயே ஊற்றி மூடி, வேஸ்ட் ஆயிலை டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். பழைய ஃபில்டரையும் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிட்டு, அந்த ஆயிலையும் அதே கேனில் சேர்த்துவிடுங்கள்.